திண்ணைப் பள்ளியின் நிறைவு நாள்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறக்கப்பட இருந்தன. பெருந்தொற்றின் பொருட்டு 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட கதவுகள் அவை. என் மகள் மூன்றாம் வகுப்பின் இறுதியில் வீட்டுக்கு வந்தவள். ஐந்தாம் வகுப்பு மாணவியாகப் பள்ளிக்குத் திரும்ப இருந்தாள். இடைப்பட்ட பத்தொன்பது மாதங்கள் அவளுக்கு வீடே பள்ளி. கைபேசி வழி வகுப்புகள் நடந்தன என்பது உண்மையே. ஆயினும் அவளுக்கு வாய்ப்பாட்டையும் வாசிப்பையும் உண்மையில் கற்பித்தவர் என் தாயார். நாளும் காலையில் இரண்டு மணி நேரம், வாசல் திண்ணையில்.

அன்று எங்கள் வீட்டில் ஒரு சிறு விழா நடந்தது. திட்டமிட்டுச் செய்ததன்று. மகள்தான் 'அப்பத்தா பள்ளிக்கூடத்துக்குக் கடைசி நாள்' என்று சொல்லித் தொடங்கினாள். பாயசம் வைத்தோம். வெற்றிலை பாக்கோடு ஒரு சேலையைத் தட்டில் வைத்து அவள் தன் அப்பத்தாவிடம் நீட்டினாள். அப்போது என் தாயார் சொன்ன ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். அதை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், வீட்டிலே கற்பதும், கற்றல் ஒரு கட்டம் முடிந்ததும் குடும்பம் கூடிக் கொண்டாடுவதும் நம்மிடையே எவ்வாறு இருந்தன என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம்.

மைந்தர்க்கு உரைத்தது

தமிழில் கல்வி மரபின் பழைய சான்றுகளைத் தேடுவோர்க்கு முதலில் கண்ணிற்படுவது தந்தை மகனுக்குக் கற்பிக்கும் காட்சியே. இறையனார் களவியல் உரை, தான் வழிவழியாக வந்த முறையைத் தானே கூறுகிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் அவ்வுரையைத் தம் மகனார் கீரங்கொற்றனார்க்கு உரைத்தார். அவர் தேனூர் கிழார்க்கு உரைத்தார். இவ்வாறு நீண்டு, அது முசிறி நீலகண்டனார் வரை வந்து சேர்கிறது. கணக்காயன் என்னும் சொல்லுக்கு ஆசிரியன் என்பது பொருள். ஆசிரியர் ஒருவரின் மகன் புலவராகித் தன் மகனுக்கு ஆசிரியர் ஆகிறார். இவ்வரலாற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்பதை ஆய்வாளர் வாதிடட்டும். கல்வி வீட்டிலிருந்து வீட்டுக்குச் சென்ற பொருளாகவே கருதப்பட்டது என்பதற்கு இதுவே போதும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் இன்னார்க்கு நூல் உரைக்கலாம் என்று அறுவரைப் பட்டியலிடுகிறது. ஆசிரியனுடைய மகன், அவனுக்குக் கற்பித்த ஆசானின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதைக் கொள்ளும் ஆற்றல் உடையவன் என்போர் அவ்வறுவர். இருபது ஆண்டுகளாக இந்நூற்பாவை வகுப்பில் நடத்தி வருகிறேன். தேர்வில் அறுவரையும் வரிசை பிறழாமல் எழுதும் மாணவியர், அவ்வறுவரில் தாங்கள் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கத் தூண்டியதில்லை. பட்டியலின் முதலிடத்தில் தன் மகன் இருக்கிறான். தன் மகள் எங்கும் இல்லை.

மன்றோவின் கணக்கு

சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதத்தில், மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் கற்கின்றனர் என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். ஆட்சியர்களின் அறிக்கைகள் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பு அவற்றின் சாரத்தைத் தருகிறது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள். கற்போர் 1,88,650 பேர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 28 லட்சம். இவ்வறிக்கைகளைத் தரம்பால் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்ட பிறகே இவை பரவலாகப் பேசப்பட்டன.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று இக்கணக்கினுள் மறைந்து கிடக்கிறது. சென்னை நகர ஆட்சியர், பள்ளிகளில் கற்போரை மட்டுமன்றி வீடுகளில் கற்போரையும் எண்ணி அனுப்பினார். அவ்வெண்ணிக்கை 26,900-க்கும் மேல். நகரின் பள்ளிகளில் படித்தோரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மன்றோவுக்கே இது நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை; எங்கோ பிழை இருக்கலாம் என்று எழுதினார். ஆயினும் வீட்டில் உறவினரிடமும் தனி ஆசிரியரிடமும் கற்பது மிகுதி என்பதை அவர் மறுக்கவில்லை. பள்ளிக்குச் சென்ற சிறுவர் நால்வரில் ஒருவர் என்று கணக்கு காட்டினாலும், வீட்டுக் கல்வியையும் சேர்த்தால் அது மூவரில் ஒருவர் என்பதை நெருங்கும் என்பது அவர் மதிப்பீடு. கனரா மாவட்ட ஆட்சியரோ, தம் பகுதியில் கல்வி பெரிதும் வீடுகளுக்குள் நிகழ்வதால் பள்ளிக் கணக்கு பயன்தராது என்று கூறிவிட்டார்.

இவ்வெண்களைக் கொண்டு, ஆங்கிலேயர் வருமுன் நம் நாடு கல்வியில் செழித்திருந்தது என்று பெருமிதம் கொள்வோர் உண்டு. ஆனால் அதே கணக்கில் 1,88,650 பேரில் பெண்கள் ஏறத்தாழ 4,500 பேர்தாம். நாற்பதில் ஒருவர் என்றும் சொல்ல இயலாது. பெருமிதம் கொள்வதாயின் இந்த எண்ணையும் உடன் வைத்துக்கொண்டே கொள்ள வேண்டும்.

மஞ்சளும் பொரியும் கோலாட்டமும்

அறிக்கை அனுப்பியோருள் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல், எண்களோடு நில்லாமல் வழக்கங்களையும் 1823-இல் எழுதினார். குழந்தைக்கு ஐந்து வயது ஆனதும் ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் அதன் வீட்டுக்கு அழைக்கப்படுகின்றனர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி வட்டமாக அமர்கின்றனர். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறார். வீட்டார் தரும் அன்பளிப்பைப் பெற்றுக்கொண்டு விடைபெறுகிறார். பள்ளிக்குக் காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும், இரண்டாமவன் கையில் சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பெல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கும் நாடு. ஆயினும் நம் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு இவற்றுள் எதுவும் புதிதாய்த் தோன்றாது.

இங்கே கவனிக்க வேண்டியது, கல்வியின் தொடக்கமும் நிறைவும் பள்ளியில் அன்றி வீட்டில் கொண்டாடப்பட்டன என்பதே. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி, நிகண்டு என்று ஒரு சுவடி முடிந்து அடுத்தது தொடங்கும்போது சுவடிக்கு மஞ்சள் பூசி, பிள்ளையாரை வணங்கி, பொரியும் கடலையும் பங்கிடும் வழக்கம் இருந்தது. 'சுவடி துவக்கல்' என்பது அதன் பெயர். அக்கல்வியில் ஆண்டுத்தேர்வு இல்லை. வகுப்பு ஏற்றம் இல்லை. ஒருவன் எந்தச் சுவடி வரை வந்திருக்கிறான் என்பதே அவன் வகுப்பு. ஆதலால் நிறைவு என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே வந்தது.

எல்லார்க்கும் பொதுவாக வந்த ஒரே நிறைவு நவராத்திரி. அப்போது பிள்ளைகள் நல்லாடை உடுத்தி, ஆசிரியரை முன்னிட்டுக்கொண்டு, கோலாட்டம் அடித்துப் பாடியபடி வீடுவீடாகச் செல்வர். வீட்டார் தரும் பணம் ஆசிரியரைச் சேரும். தின்பண்டம் பிள்ளைகளைச் சேரும். ஆந்திர நாட்டிலும் இதே தசராக் காலத்தில் ஆசிரியருக்குக் காசும் சிறுவர்க்குப் பருப்பும் வெல்லமும் கேட்டுப் பாடும் வழக்கம் இருந்தது. ஆண்டு முழுதும் நெல்லாகவும் காய்கறியாகவும் அரைகுறையாக வந்த ஊதியத்தை ஆசிரியர் ஓரளவு ஈடுசெய்துகொண்டது இந்நாள்களில்தான். கலைமகள் பூசையன்று சுவடிகள் அடுக்கி வைக்கப்படும், யாரும் படிக்கலாகாது. மறுநாள் விசயதசமி, மீண்டும் தொடக்கம். முடிவும் தொடக்கமும் இவ்வாறு அடுத்தடுத்த நாள்களில் வைக்கப்பட்டிருந்தன.

1854-இல் வந்த உட்டின் அறிக்கைக்குப் பின் அரசின் உதவித்தொகையும், அதற்குரிய ஆய்வும், தேர்வும் வந்தன. திண்ணைப் பள்ளிகள் சில அவ்வமைப்பினுள் புகுந்து உருமாறின. ஏனையவை மெல்ல மறைந்தன. ஆண்டின் நிறைவு புரட்டாசியிலிருந்து பெயர்ந்து கோடை விடுமுறைக்குப் போயிற்று. வீட்டில் நிகழ்ந்த விழா, தேர்வு முடிவு ஒட்டப்படும் பலகைக்குச் சென்றது.

இரு வீடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-இல் பிறந்தவர். அவருடைய முதல் ஆசிரியர் அவர் தந்தை சிதம்பரம் பிள்ளையே. தந்தையிடம் கற்ற அம்மைந்தர் பின்னாளில் எத்தனை பேருக்கு ஆசிரியரானார் என்பதை, அவர் மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய வரலாற்றால் நாம் அறிவோம். நன்னூலின் பட்டியலில் முதலிடம் பெற்றவனுக்கு அம்முறை எவ்வளவு நன்மை செய்தது என்பதற்கு இவ்வீடு சான்று.

மற்றொரு வீடு புதுக்கோட்டையில் இருந்தது. 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, பருவம் எய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் அவர் தந்தை நாராயணசாமி, கல்வித் துறையில் இருந்தவர், மகளின் படிப்பை நிறுத்தவில்லை. படிப்பு வீட்டுக்குள் தொடர்ந்தது. தனித்தேர்வராக எழுதி 1902-இல் மெட்ரிக்குலேசனில் தேறினார். பின்னர் ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது; புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்தமையால் சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் தொடங்கிற்று.

தேர்வு முடிவு வந்த அன்று அவ்வீட்டில் பாயசம் வைத்தார்களா என்பதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவ்வீட்டின் கல்வி, கதவைத் திறந்துகொண்டு வெளியே சென்றது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. வீட்டுக் கல்வி இருவகைப்படும் என்று இதனால் தோன்றுகிறது. வெளியே விடாமைக்காக உள்ளே கற்பிப்பது ஒன்று. வெளியே செல்வதற்காக உள்ளே கற்பிப்பது மற்றொன்று. திண்ணையும் சுவடியும் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு, நிறைவு நாளன்று பிள்ளை எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

மீண்டும் எங்கள் திண்ணை

என் தாயார் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். எட்டில் சேர்ந்த சில மாதங்களில் பருவம் எய்தினார். 1960-களின் நடுப்பகுதி அது. பள்ளிகள் இருந்தன, மதிய உணவு இருந்தது, கட்டணம் பெரிய தடையாயில்லை. ஆயினும் சடங்கு முடிந்தபின் அவரை யாரும் பள்ளிக்கு அனுப்பவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லையாம். அதன்பின் அவர் படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலத்தின் தாளும், தம்பிமாரின் பழைய பாடநூலும். அந்தத் தம்பிமாருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவரும் அவரே. இவற்றையெல்லாம் நான் அரைகுறையாக அறிவேன், கேட்டு அறிந்ததில்லை.

அன்று மகள் தட்டை நீட்டியபோது அவர் வாங்கிக்கொண்டார். பாயசத்தை ஒரு வாய் குடித்தார். பிறகு பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்ச அன்னைக்கு உளுந்தங்களிதான் தாயி கிண்டுனாக. ஊரே வந்து தின்னுட்டுப் போச்சு."

மகளுக்கு அது விளங்கவில்லை; களி நன்றாக இருந்ததா என்று கேட்டாள். நல்லெண்ணெய் நிறைய ஊற்றியிருந்தார்கள் என்று அவர் விடை சொன்னார். என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டார்.

பெண்ணின் கல்வி முடிந்த நாளைக் குடும்பங்கள் கொண்டாடாமல் இருந்ததில்லை. பந்தலிட்டு, சீர் கொண்டுவந்து, பெருங்கொண்டாட்டமாகவே கொண்டாடின. அது எதன் முடிவு என்று சொல்லாமல் கொண்டாடின; அவ்வளவே. நன்னூலை இத்தனை ஆண்டு நடத்திய எனக்கு இது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது அப்பத்தாவும் வரவேண்டும் என்று அவள் பிடிவாதம் செய்தாள். மூவரும் சென்றோம். வாசலில் உடல்வெப்பம் பார்த்துப் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். அவள் திரும்பிப் பாராமல் ஓடிவிட்டாள். என் தாயார் கதவருகே சிறிது நேரம் நின்றார். உள்ளே மணி அடித்தது. வரும் வழியில், எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வயது வரம்பு உண்டா என்று என்னைக் கேட்டார். குறைந்த வயது உண்டு, மேல் வயது கிடையாது என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்றார்.

அன்று மாலை, மகளின் மூன்றாம் வகுப்பு முதலான பழைய பாடநூல்களைக் கடையில் போட எடுத்து வைத்திருந்தோம். அக்கட்டு மறுநாள் திண்ணையில் பிரிந்து கிடந்தது. இன்றுவரை அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.