பற்றாசு



போன வாரம் ஓடைப்பட்டியில் என் பழைய ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர். ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டே பற்றவைத்தார். பதறிவிட்டேன்.

இதற்குப் பழைய தமிழ்ச் சொல் பற்றாசு. நேரிசை வெண்பாவில் தனிச்சொல் ஒட்டாதபோது ஓரிரு அசை சேர்ப்பதை, உலோகங்களைப் பற்றாசு இட்டு இணைப்பதோடு ஒப்பிடுவார் காரிகை உரைகாரர் குணசாகரர். வருடா வருடம் இதை நடத்தினேன். பற்றாசில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஈயம் இரண்டு. ரசம் வைக்கும் நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம். ரேடியோக் கடைக் கம்பியில் நூற்றுக்கு 40 பங்கு வரை காரீயம், அதாவது நஞ்சு. காரணம் இருக்கிறது: வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி வேண்டும்; 37 பங்கு காரீயம் சேர்ந்தால் 183 போதும்.

2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் சில விலக்குகளோடு இதைத் தடுத்தது. நம் நாட்டில் 2014-இல் வரம்பு வந்தது. மாற்றாகப் பரவியது வெள்ளீயத்தில் 3 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செம்பும் சேர்ந்த கலவை. இது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். விலையும் கூடுதல். இணைப்பில் வெள்ளீயமும் செம்பும் கூடி, எளிதில் உடையும் அடுக்கு ஒன்று நாளாக நாளாகத் தடிக்கும். அதை மட்டுப்படுத்தத்தான் அலுமினா, டைட்டானியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்களைத் துளியளவு கலந்து பார்க்கிறார்கள். உருகும்போது துகள்கள் ஒன்றாகத் திரண்டுவிடுவது பெரிய தலைவலி.

பழுதுபார்க்கும் கடைகளில் பழைய கம்பிதான் இன்றும் ஓடுகிறது.

“இருபது வருசமா இப்படித்தான் ஐயா,” என்றார். காரீயம் புகையைவிடக் கை வழியாகத்தான் வயிற்றுக்குப் போகும் தம்பி, சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதே என்றேன். கம்பியை வாயிலிருந்து எடுத்தார்.