தரித்திரரின் வம்சாவளி

இங்கிலாந்தின் பழைய கிராமக் கோயில்கள் சிலவற்றில், கனத்த ஓக் மரத்தால் செய்து இரும்புப் பட்டையிட்டு இறுக்கிய பெட்டி ஒன்றை இன்றும் காணலாம். அதற்குப் பூட்டுகள் மூன்று. ஒரு சாவி குருவிடமும் மற்ற இரண்டும் கோயில் நிர்வாகிகள் இருவரிடமும் இருக்கவேண்டுமென்று 1603-ஆம் ஆண்டின் திருச்சபை விதி வகுத்திருந்தபடியால், மூவரும் ஒருங்கே வந்து நின்றாலன்றி அப்பெட்டி திறவாது. 1538-இல் அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த கட்டளைப்படி, பங்கு எனப்பட்ட ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும் நிகழ்ந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவந்த பதிவேடுகள் அதற்குள் இருந்தன. அவற்றோடு, ஏழைகளுக்குக் கொடுத்த படியின் கணக்கும், அவர்களை விசாரித்து எழுதிய வாக்குமூலங்களும் இருந்தன. அந்தக் காகிதங்கள் இப்போது பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய்விட்டன. தம் பாட்டன் பூட்டன்மார் ‘வொர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதியில் வாழ்ந்து மாண்டவர்கள் என்று அறிந்து அவர்களைத் தேடிப் புறப்படுகிறவர் போய்ச் சேரும் இடம் அந்தக் காப்பகங்களே.

1601-ஆம் ஆண்டின் சட்டம், அந்தந்தப் பங்கு தன் ஏழைகளைத் தானே போஷிக்க வேண்டுமென்று விதித்து, அதற்கென வரி தண்டும் அதிகாரத்தையும் அளித்தது. வரி கொடுப்பவர் இருக்குமிடத்தில், யாருக்காகக் கொடுக்கிறோம் என்ற கேள்வியும் எழுந்தே தீரும். 1662-இன் சட்டம் அக்கேள்விக்கு விடையளித்தது: அந்தப் பங்கில் சட்டப்படி வாசபாத்தியதை உடையவனுக்கே சோறு, மற்றவனை, அவன் எங்கு உரியவனோ அங்கே கொண்டுபோய் விடலாம். 1723 முதல், விடுதிக்குள் வந்து தங்க மறுப்பவனுக்கு உதவியையே மறுக்கவும் பங்குகளுக்கு உரிமை கிட்டிற்று.

ஏழையின் பெயரைத் தாளில் ஏற்றியது கருணையன்று, செலவைப் பற்றிய அச்சமே என்பது என் துணிபு. யாரிடமும் கையேந்தாமல், ஊரை விட்டு நகராமல் வாழ்ந்து மறைந்த உழவன், பதிவேட்டில் மூன்று நான்கு வரிகளோடு நின்றுவிடுகிறான். பசியால் அதிகாரிகளின் முன் நிறுத்தப்பட்டவனுக்கோ தன் வாழ்க்கை முழுவதையும் சொல்ல நேர்ந்தது. எங்கே பிறந்தான், தகப்பனுக்கு எந்தப் பங்கு, விவாகமாகுமுன் எந்த எஜமானனிடம் ஓராண்டு முழுவதும் கூலிக்கு இருந்தான், வாங்கிய சம்பளம் எவ்வளவு, ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில் எப்போதேனும் குடியிருந்தானா, மனைவி யார், பிள்ளைகளுக்கு வயது என்ன என்று, அவனுக்கு எந்தப் பங்கில் வாசபாத்தியதை எனத் தீர்மானிக்க நீதிபதிகள் இருவர் கேட்கக் கேட்க, எழுத்தர் எழுதிக்கொண்டே போனார். முடிவில், எழுத்தறியாத அம்மனிதன் பேனாவைப் பிடித்து இட்ட சிலுவைக்குறி ஒன்று நிற்கும். மை சற்றுப் பரவியிருக்கும் அந்தக் குறியொன்றே அவன் கையால் இவ்வுலகில் எழுதப்பட்டதாக இருக்கக்கூடும் என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஓராண்டு நிறைந்தால் வாசபாத்தியதை உண்டாகிவிடுமென்று, ஐம்பத்தோராவது வாரத்தில் வேலையாளை அனுப்பிவிட்ட எஜமானர்களும் இருந்தனர். விவாகமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை பிறந்த இடத்துக்கே உரியது என்ற விதியினால், நிறைகர்ப்பிணியை எல்லைக்கு அப்பால் துரத்திய கொடுமையும் நடந்தது.

பதிவேடுகளைப் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும். 1752 வரை ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் தொடங்கியதால், 1730 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1731 ஆகும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்து, ஏழைகளுக்கு மட்டும் அது விலக்கப்பட்டபடியால், அக்காலத்துப் பக்கங்களில் பெயருக்கு அருகே ‘பி’ என்ற ஒற்றை எழுத்து நிற்கும். ‘பாப்பர்’, அதாவது தரித்திரன், என்பதன் முதலெழுத்து அது. லண்டன் டெம்பிள் பகுதியில் கண்டெடுத்த குழந்தைகளுக்கெல்லாம் டெம்பிள் என்றே குடும்பப் பெயர் இட்டார்கள். ஒரே பெயருடைய இருவர் உறவினரென்று கொள்வது அங்கே பிழையாகிவிடும்.

1834-இன் சட்டப்படி பங்குகளைச் சேர்த்து ஏறக்குறைய அறுநூறு ஒன்றியங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெரிய விடுதி அமைத்தபின், கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் பிள்ளைகளை வேறொரு பக்கமும் பிரித்தார்கள். பதிவும் அவ்வாறே சிதறிற்று. ஞானஸ்நானமும் அடக்கமும் விடுதிக்கு அருகிலிருந்த கோயிலின் ஏட்டில் ஏறியதால், சொந்த ஊரின் ஏட்டில் தேடுவோர் ஏமாறுவார்கள். விடுதியில் சேர்ந்த நாளையும் நீங்கிய நாளையும் குறித்த ஏடுகளும், 1868 முதல் கட்டாயமான சமயப் பதிவேடும் அப்போது கைகொடுக்கும்.

வேல்ஸ் நாட்டு டென்பி நகரத்துக் கோயிலில் 1841-இல் ஞானஸ்நானம் பெற்ற ஜான் ரோலண்ட்ஸ் என்ற குழந்தையை, முறைப்படி பிறவாதவன் என்றே பதிவேடு குறிக்கிறது. ஆறு வயதில் செயின்ட் அசாப் விடுதியில் விடப்பட்டு, 1856-இல் அங்கிருந்து வெளியேறிய அச்சிறுவனே, பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்துப் பெரும்புகழ் பெற்ற ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. தாம் அமெரிக்கர் என்றே அவர் நெடுங்காலம் சொல்லிவந்தார். பதிவேட்டின் அந்த ஒரு வரியைத் தாங்க முடியாமல் வேறு நாட்டையும் வேறு பெயரையும் தேடிக்கொண்டவரை நான் குறை கூறமாட்டேன்.

ஸ்டான்லி இறந்த 1904-ஆம் ஆண்டிலேதான், விடுதியில் பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றில் விடுதியின் பெயரை எழுதாமல் தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் மட்டும் எழுதும்படி தலைமைப் பதிவாளர் அறிவுறுத்தினார். லிவர்பூல் விடுதியில் பிறந்தவர்களுக்கு ‘144ஏ, பிரௌன்லோ ஹில்’ என்று எழுதப்பட்டது. அந்த இலக்கமுள்ள கதவு அந்தத் தெருவில் இருந்ததே இல்லை.