மெசி பெர்குசனும் மழை றோட்டும்

போன மாரியில ஒரு விடியக்காலை, பெரியப்பாவின்ர பழைய மெசி ஒரு டபுள் கெப்பை வயலுக்குள்ளால இழுத்து வெளியில எடுத்தது. கெப் நாலு சில்லாலும் இழுக்கக்கூடிய வாகனம். மெசிக்கு இழுக்கிறது பின் சில்லு இரண்டும்தான். பார்த்துக்கொண்டு நின்ற சனம் சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரேல்லை. முதல்நாள் இரவு அந்தக் கெப்புக்குள்ள அக்காவும் அத்தானும் அவையின்ர நாலு வயசுப் பிள்ளையும் இருந்தவை.

குளக்கட்டு வளைவில ஒரு மாடு படுத்திருந்திருக்கு. அத்தான் பிரேக்கை மிதிச்சிருக்கிறார். கெப் வளையாமல் நேராக வழுக்கிக்கொண்டு போய் வயலுக்குள்ள இறங்கினது. அக்காவின்ர மணிக்கட்டு முறிஞ்சது, பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரியில வைச்சு அத்தான் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மழை எண்டுதானே ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு வந்தனான். பிறகேன் வழுக்கினது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடினபோது ஒரு விசயம் ஆச்சரியமாக இருந்தது. ஈர றோட்டில் கார் எப்படிப் பிடித்து நிற்கும் என்ற இதே கேள்வியோடு தன் வாழ்க்கையின் கடைசிப் பத்து வருடங்களைக் கழித்த ஒரு மனிதர் இருந்திருக்கிறார். அவருடைய பெயர் பெரியப்பாவின் உழவு இயந்திரத்தின் பொனட்டில் எழுதியிருக்கிறது.

வன்னியில் மெசி என்றால் ஆருக்கும் விளங்கும். பெர்குசன் ஆர் என்றால் பெரும்பாலும் தெரியாது. ஹரி பெர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1909ஆம் ஆண்டின் கடைசி நாள் தானே கட்டிய விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர். ஆனால் அவரை நிலைக்க வைத்தது வயல்தான்.

அந்தக் காலத்து உழவு இயந்திரங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கலப்பையைச் சும்மா பின்னால் கொளுவித்தான் இழுக்கும். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின் சில்லு நிற்காமல் சுழலும், முன்பக்கம் கிளம்பும், முழு மெசினும் ஓட்டுறவருக்கு மேல் பின்பக்கமாகப் பிரளும். இப்படி ஆக்கள் செத்திருக்கினம். கவிழாமல் இருக்க இயந்திரத்தைப் பாரமாகச் செய்தால் மண் இறுகிப்போகும்.

பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் இணைத்தார்: கீழே இரண்டு கை, மேலே ஒன்று. கலப்பை மாட்டினால் மேல் கை இயந்திரத்தின் முன்பக்கத்தைக் கீழே அமத்தும். சாதாரணமாக உழும்போது கலப்பையின் இழுவையே பின் சில்லில் பாரத்தை ஏற்றும், அதனால் பிடிமானம் கூடும். பாரமில்லாத சின்ன மெசின், ஆனால் சேற்றில் வழுக்காது, ஓட்டுறவரையும் கொல்லாது. 1946இல் கொவென்றியில் உற்பத்தி தொடங்கிய சாம்பல் நிற டி.ஈ.20 மட்டும் 10 வருடத்தில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1953இல் தன் கம்பனியை மெசி ஹரிஸுடன் இணைத்தார். மெசி என்ற பெயரே அப்படித்தான் எங்கட வயலுக்கு வந்தது. இண்டைக்குத் திரியிற உழவு இயந்திரம் எதைப் பார்த்தாலும், எந்தக் கம்பனியாக இருந்தாலும், பின்னால் அந்த மூன்று கையும் இருக்கும்.

கவனிக்கவேண்டியது, பெர்குசனுக்கு இழுக்கிறதும் ஆளைக் காப்பாற்றுறதும் இரண்டு தனித்தனி வேலை இல்லை என்பது. ஒரே பொறி இரண்டையும் செய்யவேண்டும். பிறகு காருக்கு வந்தபோதும் அதே பிடிவாதத்தோடுதான் வந்தார்.

1950இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கம்பனியில் கூடச் சேர்ந்தவர்கள் இரண்டு ஓட்டப்பந்தயக்காரர்: பிரெடி டிக்சன், மேஜர் ரொனி ரோல்ற். (ரோல்ற் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் கோல்டிட்ஸ் கோட்டையில் கைதியாக இருந்தவர். அங்கே கூரைக்குக் கீழே கள்ளமாக ஒரு கிளைடர் விமானம் கட்டிய திட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. 1953இல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். அந்த மனிசனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) நாலு சில்லு இழுவை அப்போது புதிசில்லை. ஹொலண்டின் ஸ்பைக்கர் 1903இலேயே அப்படி ஒரு காரைச் செய்துவிட்டது. 1940இல் ஜீப் வந்தது, 1948இல் லாண்ட் றோவர் வந்தது. ஆனால் ஜீப்பெல்லாம் சேறுக்கும் சண்டைக்கும். பெர்குசன் ஆக்கள் கேட்டது வேறு: மழையில் நனைந்த தார் றோட்டில் பிள்ளைகுட்டியோடு போகும் சாதாரணக் குடும்பத்துக் காருக்கு இதால் என்ன பயன்?

இந்த இடத்தில் கொஞ்சம் பொறியியல் கதைக்கத்தான் வேண்டும். வளைவில் திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளை விடக் கூடத் தூரம் ஓடும். ஜீப் மாதிரியான வாகனத்தில், எங்கட பெரும்பாலான டபுள் கெப்களிலும்தான், ஃபோர் வீல் போட்டவுடன் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டுப்படும். சேற்றில் அது பிரச்சினையில்லை, சில்லு வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். தார் றோட்டில் இரண்டும் ஒன்றோடு ஒன்று இழுபறிப்படும், வாகனம் வளையப் பஞ்சிப்படும். பெர்குசன் ஆக்கள் நடுவில் ஒரு டிபரென்சியலை வைத்தார்கள். திரும்புவதற்குத் தேவையான வித்தியாசத்தை அது விடும். அதைவிட ஒரு அளவுக்கு மேல் முன் சில்லு பின் சில்லை முந்தவும் விடாது, பிந்தவும் விடாது.

இந்தக் கடைசி வசனத்தில்தான் முழு விசயமும் இருக்கிறது. பிரேக் அடிக்கும்போது முன் சில்லு மட்டும் தனியாக இறுகி நிற்க முடியாது, பின் சில்லும் அப்படித்தான். ஆகவே பிரேக் இறுகாமல் தடுக்கும் கருவி ஒன்றே ஒன்று முழுக் காருக்கும் போதும். அப்படி ஒரு கருவி அப்போது விமானங்களில் இருந்தது: ஈரமான ஓடுபாதைக்காக டன்லப் செய்த மக்சரெற். அதைக் கொண்டுவந்து காரில் பொருத்தினார்கள். அதாவது பெர்குசனின் காரில் நாலு சில்லு இழுவை இருந்தது ஓடுறதுக்கு மட்டுமில்லை, நிற்கிறதுக்கும்தான்.

காட்டின இடமெல்லாம் மெச்சினார்கள், பெரிய கம்பனி எதுவும் வாங்கவில்லை. பெர்குசன் 1960 ஒக்ரோபரில் இறந்துபோனார். அடுத்த வருடம் செப்டெம்பரில், பி99 என்ற அவருடைய கம்பனியின் போர்முலா வன் கார் ஒல்ற்றன் பார்க்கில் ஈரமான ஓடுதளத்தில் ஸ்ரேர்லிங் மொஸ்ஸின் கையில் வென்றது. சம்பியன்சிப் புள்ளிக் கணக்கில் சேராத பந்தயம்தான். இருந்தாலும் இண்டுவரை போர்முலா வன் பந்தயம் ஒன்றை வென்ற ஒரேயொரு நாலு சில்லு இழுவைக் கார் அதுதான்.

1966இல் ஜென்சன் என்ற சின்னக் கம்பனி எஃப்.எஃப். என்ற பெயரில் அந்த இரண்டு கருவிகளையும் ஒன்றாகப் போட்ட காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இழுவையில் 37 வீதம் முன்னுக்கு, 63 வீதம் பின்னுக்கு. கடைக்கு வந்த சாதாரண றோட்டுக் கார்களில் நாலு சில்லு இழுவையும் மக்சரெற்றும் இருந்த முதலாவது கார் அது. விலையோ அதே கம்பனியின் மற்றக் காரை விட ஏறக்குறைய 30 வீதம் கூட. இடப்பக்க ஸ்ரேறிங் வைக்க அமைப்பு இடம்கொடுக்கவில்லை, ஆகவே அமெரிக்கச் சந்தையும் இல்லை. 1971இல் நிறுத்தும் மட்டும் செய்தது 320 கார். சாதாரணக் குடும்பத்துக்கென்று நினைத்தது கடைசியில் பணக்காரரின் விளையாட்டுச் சாமானாக முடிந்தது.

அதுக்குப் பிறகு இரண்டு பாதியும் பிரிந்து போயின. நிற்கிற பாதியை 1978இல் பொஷ் இலத்திரனியல் ஏ.பி.எஸ். ஆகக் கொண்டுவந்தது, முதலில் பென்ஸ் காருக்கு. ஓடுற பாதியை 1980இல் அவுடி குவாத்ரோவாகக் கொண்டுவந்தது. பின்லாந்துப் பனியில் சோதித்த இல்ற்றிஸ் என்ற இராணுவ ஜீப், தன்னை விடச் சக்திகூடிய கார்களை எல்லாம் முந்தினதைப் பார்த்துத்தான் அவுடிக்காரருக்கு யோசனை வந்தது. முந்துறதில் பிறந்த யோசனை. முதல் குவாத்ரோவில் ஏ.பி.எஸ். இல்லை, சில வருடம் கழித்துத்தான் வந்தது. நான் அவுடியைக் குறை சொல்லவில்லை. 1981இல் மிஷேல் முத்தோன் அந்தக் காரில் சன்ரெமோ ரலியை வென்று உலக ரலி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனதை வாசிக்க எனக்கும் சந்தோசம்தான். ஆனால் 1986இல் வந்த அவர்களுடைய விளம்பரத்தைப் பாருங்கோ: பின்லாந்தில் ஒரு பனிச்சறுக்கு மேடையில் கார் கீழிருந்து மேலே ஏறுது. ரயரில் ஆணி அடித்திருந்தது. எங்கட மனதில் ஃபோர் வீல் என்றால் இந்தப் படம்தான், ஏறுற படம்.

அத்தானின் கேள்விக்கு வருவம். எந்த வாகனமும் பிரேக் பிடிக்கிறது நாலு சில்லாலும்தான். ஃபோர் வீல் போட்டதால் ஐந்தாவது சில்லு ஒன்று வராது. ரயருக்கும் தாருக்கும் இடையில் தண்ணி நின்றால் எந்தக் கியரும் அதை வெட்டாது, ரயரின் தவாளிப்புத்தான் வெட்டும். இன்னொன்று, எனக்குப் பயமான விசயம்: இரண்டு சில்லு இழுவையில் ஈர றோட்டில் அக்சிலேற்றரை அமத்தினால் பின்பக்கம் ஒருக்கா உதறிக் காட்டும். "வழுக்குது, கவனம்" என்று வாகனம் சொல்லுற மாதிரி. நாலு சில்லும் இழுத்தால் அந்த உதறல் வராது. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும், பிரேக்கை மிதிக்கும் மட்டும்.

இதையெல்லாம் அத்தானுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தக் கட்டையை ஏன் வைச்சிருக்கிறாங்கள்?" என்றார். "வயலுக்க இறங்கினா வெளியில வர" என்று பெரியப்பா குறுக்க சொன்னார். அண்டைக்கு அதுக்கும் உதவேல்லை என்று அக்கா மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினா.

கெப் இப்ப கராஜில நிற்குது. கழட்டி வைச்சிருந்த ரயர்களை நான் போய்த் தடவிப் பார்த்தனான். முன்னுக்கு இருந்த இரண்டிலும் தவாளிப்பே இல்லை.