பெலே, 1902: எரிமலை அடிவாரத்துத் தமிழர்கள்

கொல்லிமலை பற்றி எப்போது பேச்சு வந்தாலும் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும்: "அது பழைய எரிமலையாமே, உண்மையா?"

இல்லைங்க. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது சாலையோரம் தெரிகிற பாறை பெரும்பாலும் சார்னோகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற அதே இனத்துக் கல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகியது. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு இப்போது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மலைமேல் இருக்கும் செம்மண்ணும் பாக்சைட்டும் நெருப்பு விட்டுப்போனவை அல்ல. மழையும் வெயிலும் பாறையைத் தின்று விட்ட மிச்சம்.

ஆனால் தமிழர்கள் உண்மையான எரிமலை அடிவாரத்தில் வாழ்ந்த கதை ஒன்று இருக்கிறது. அது நடந்தது கரீபியன் கடலில், மார்த்தினிக் தீவில்.

1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த 30 ஆண்டுகளில் மார்த்தினிக்குக்கு மட்டும் ஏறக்குறைய 25,000 இந்தியர்கள் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். தீவின் வடக்கே பாஸ்-புவாந்த் பகுதித் தோட்டங்களில் அவர்கள் நிறையப் பேர் குடியேறினார்கள். அந்தத் தோட்டங்களுக்கு மேலே நிற்பதுதான் பெலே மலை. உயரம் சுமார் 1,400 மீட்டர்.

எரிமலை என்றதும் நம் மனசில் வருவது சிவப்பாக வழிந்தோடும் குழம்பு. பெலே அந்த வகை இல்லை. அதன் குழம்பில் சிலிக்கா அதிகம்; அதனால் ஓடாது. கெட்டிக் களி மாதிரி வாய்க்குள்ளிருந்து பிதுங்கி, அங்கேயே குவிமாடமாக உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வாயு அடைபட்டு அழுத்தம் ஏறும். குவிமாடம் சரிந்தாலோ பக்கவாட்டில் வெடித்தாலோ, பாறைத்துண்டும் சாம்பலும் கொதிக்கும் வாயுவும் ஒரே மேகமாகச் சரிவில் பாயும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். ஓடித் தப்ப முடியாது. (இந்தியாவிலும் இந்த வகைக் குழம்பு கட்டிய மலை உண்டு: அந்தமானின் நார்கொண்டம். பக்கத்து பாரன் தீவு வேறு வகை.)

1851-ல் பெலே ஒருமுறை சாம்பல் தூவியது. பெரிய சேதம் இல்லை. 1902 ஏப்ரலில் மறுபடி சாம்பல் விழுந்தபோது பலருக்கு அந்தப் பழைய நினைவுதான் வழிகாட்டி. மே 5 அன்று சுடுசேறு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, கெரான் சர்க்கரை ஆலையைத் தொழிலாளர்களோடு மூடியது. ஆளுநர் லூயி மூத்தே ஒரு குழு அமைத்தார். மலைவாயும் பள்ளத்தாக்குகளும் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் சேன்-பியேர் நகரத்துக்கு ஆபத்தில்லை என்று குழு சொன்னது. வருவது எதுவானாலும் பள்ளத்தைப் பிடித்துக் கடலுக்குப் போய்விடும் என்ற கணக்கு. ஓடும் குழம்புக்கும் சேற்றுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் பாதுகாப்பு தேடி நகரத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

மே 8, காலை 8 மணி. மேகம் மேடு பள்ளம் பார்க்கவில்லை. சில நிமிடங்களில் நகரமே போயிற்று. செத்தவர்கள் சுமார் 28,000 பேர். ஊருக்குள் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் கனத்த சுவர்களுடைய சிறை அறையில் இருந்த கைதி. நகரத்துக்கு வந்திருந்த ஆளுநரும் மனைவியும் செத்துப்போனார்கள்.

அடுத்த மாதமே அங்கே போன பிரெஞ்சு அறிஞர் அல்ஃபிரெத் லாக்ருவா இதற்கு 'எரியும் மேகம்' என்று பேர் வைத்தார். 1904-ல் வந்த அவருடைய நூல் இந்த வகை எரிமலை ஆய்வுக்கு அடித்தளம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மேகம் விட்டுப்போன படிவு. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பாறையும் சாம்பலும் கலந்த படிவு கனமாக நிரம்பியது. ஆனால் ஊரையே அழித்த மேகம் சேன்-பியேரின் பல இடங்களில் விட்டுச்சென்ற அடுக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. நாலு மழைக்காலத்தில் கரைந்துபோகக்கூடியது. அதாவது, ஒரு மலையின் பழைய படிவுகளை மட்டும் பார்த்து "இங்கே பெரிசா எதுவும் நடந்ததில்லை" என்று சொல்லிவிட முடியாது. மிக மோசமான நாள் மிக மெல்லிய தடத்தை விட்டுப் போயிருக்கலாம்.

கதை மே மாதத்தோடு முடியவும் இல்லை. ஆகஸ்ட் 30 அன்று இன்னொரு மேகம், மே மாதம் தப்பித்த மோர்ன்-ரூஜ் பக்கம் திரும்பியது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இந்த நினைவின் கனம் 1976-ல் பக்கத்துத் தீவான குவாதலூப்பில் தெரிந்தது. அங்கேயும் தமிழ் வம்சாவளியினர் ஏராளம். சூஃப்ரியேர் எரிமலையின் கிழக்குப் பக்கம் காப்பெஸ்டேர் ஊரில் கோயில் கட்டி வாழ்கிறார்கள். அந்த மலையும் குவிமாட வகைதான். அது புகையத் தொடங்கியதும் 70,000-க்கும் அதிகமானவர்களை ஆகஸ்டில் வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தும் புதுக் குழம்பு வரவே இல்லை. விஞ்ஞானிகள் பொதுவெளியில் சண்டை போட்டார்கள். மக்களுக்குப் பிழைப்பு போனது. அதை வீண் பயம் என்று சொல்லலாம். சேன்-பியேரின் கணக்கைத் தெரிந்துகொண்டு சொல்வதுதான் கஷ்டம்.

பெலே 1929-லிருந்து 1932 வரை மறுபடி வெடித்து, இன்னொரு குவிமாடம் கட்டிவிட்டு அடங்கியது. 2020 டிசம்பரில் அதன் எச்சரிக்கை நிலையைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தினார்கள். பாஸ்-புவாந்தில் அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.