பார்ஸ் என்னும் பகுத்தல்

மின்னஞ்சலைப் படித்தெடுக்க நிரல் எழுதும் இளைஞர்கள் பலர் ‘பார்ஸ்’, ‘டிகோட்’ இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. ‘பகுதி’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது பார்ஸ். வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் எவ்வகை என்று மாணவரைச் சொல்லவைப்பதுதான் அதன் பழைய பொருள். கணினித்துறைக்கு அச்சொல் பின்னால்தான் வந்தது. நிரலும் அதையே செய்கிறது: முதல் வெற்று வரியைக் கண்டதும் தலைப்பையும் உடலையும் பிரிக்கிறது, எல்லைக்குறி வரிகளைப் பார்த்து இணைப்புகளைத் தனித்தனியாக்குகிறது. டிகோட் அடுத்த வேலை. 1992இல் வந்த மைம் என்னும் மின்னஞ்சல் வடிவ முறைப்படி, பேஸ்64 என்னும் குறியீட்டு உருவில் பயணித்த தமிழ் வரியைப் பழைய பைட்டுகளாக மீட்பது அது. டிகோடிலுள்ள ‘கோட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு முதலில் மரத்தண்டு என்று பொருள். பிறகு பலகை ஏடு, சட்டத்தொகுப்பு, குறியீடு. பார்ஸைத் தமிழில் ‘பாகுபடுத்தல்’ என்கிறார்கள். ஆனால் ‘பாகுபாடு’ இன்று சாதி, நிறம் பார்த்து ஒதுக்குவதையே முதலில் நினைவூட்டுகிறது. ‘பகுத்தல்’ போதும், பகுதி, பகிர்வு, பள்ளியில் படித்த பகுபதம் எல்லாம் அதன் சுற்றத்தார். டிகோடுக்குக் ‘குறிநீக்கல்’ என்று சொல்லலாம். ‘மறைநீக்கல்’ மட்டும் வேண்டாம்: பேஸ்64 எதையும் மறைப்பதில்லை, யாரும் திறந்து படிக்கலாம்.