பர்மாத் தேக்கு: அருகிவரும் ஒரு பெருவளம்

தேக்கு மரம் இயற்கையாக வளரும் நாடுகள் உலகில் நான்கு மாத்திரமே. இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் என்பனவே அவை. இவற்றுள் "பர்மாத் தேக்கு" என வழங்கும் மியன்மார் தேக்கே தரத்தில் முதன்மையானதாகக் கருதப்படுகின்றது. அதிலுள்ள எண்ணெய்த் தன்மையினால் கறையான் எளிதில் அரிப்பதில்லை. நீரையும் வெயிலையும் தாங்கும். கப்பல் தளங்கள் முதல் செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்கள் வரை அது விரும்பப்பட்டமைக்கு இதுவே காரணமாகும்.

1852 இல் பெகு பிரதேசத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1856 இல் ஜேர்மனியரான டீட்ரிச் பிராண்டிஸை அங்குள்ள தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பாக நியமித்தனர். அவர் இட்ட அடித்தளத்தில் உருவானதே "பர்மியத் தெரிவு முறை" ஆகும். இதன்படி ஒரு காட்டுப் பகுதியில் 30 ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாத்திரம், நிர்ணயிக்கப்பட்ட சுற்றளவை எட்டிய மரங்களே தெரிவு செய்யப்படும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது என்பதால், அடிமரத்தைச் சுற்றி வெட்டி, நின்றபடியே காய்வதற்குச் சுமார் மூன்று ஆண்டுகள் விடப்படும். பின்னர் வீழ்த்தப்படும் மரங்களை யானைகள் ஓடைகளுக்கு இழுத்துச் செல்ல, மழைக்கால வெள்ளம் அவற்றை ஆற்றுக்குக் கொண்டு சேர்க்கும்.

காலனித்துவ ஆட்சி காட்டின் மீது கொண்ட அக்கறை வணிக நோக்குடையது என்பதையும் மறத்தலாகாது. 1885 இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பனிக்கும் மன்னர் தீபோவின் அரசுக்கும் இடையே எழுந்த தேக்குத் தகராறே மூன்றாவது போருக்குச் சாட்டாக அமைந்தது. எனினும் அந்த வெட்டு ஒழுங்கு காட்டை நெடுங்காலம் நிலைக்கச் செய்தது.

1988 இன் பின்னர் நிலைமை மாறியது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த இராணுவ அரசு, எல்லைக் காடுகளைத் தாய்லாந்துக் கம்பனிகளுக்குத் திறந்துவிட்டது. 1988 வெள்ளப் பேரழிவை அடுத்து 1989 இல் தாய்லாந்து தன் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்திருந்தமை இங்கு குறிப்பிடத்தக்கது. 1998 இல் சீனாவும் இயற்கைக் காடுகளில் வெட்டுதலைக் கட்டுப்படுத்தியபோது, கச்சின் மாநில மரங்கள் யுனான் மாகாணத்தை நோக்கி நகர்ந்தன. அரச படைகளுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் மரமே வருமானமாயிற்று. 30 ஆண்டுச் சுழற்சி ஏட்டளவில் எஞ்சியது.

ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணிப்பின்படி, 1990 இல் சுமார் 392 இலட்சம் ஹெக்டேயராக இருந்த மியன்மாரின் காடு, 2020 இல் சுமார் 285 இலட்சம் ஹெக்டேயராகச் சுருங்கியது. 2010 முதல் 2015 வரை ஆண்டுக்கு 5,46,000 ஹெக்டேயர் இழக்கப்பட்டது. பிரேசில், இந்தோனேசியாவுக்கு அடுத்த மிகப்பெரிய இழப்பு அதுவாகும். இதற்கு மரம் வெட்டுதல் மாத்திரம் காரணமன்று. பெறுமதியான மரங்கள் அகற்றப்பட்டு, பாதைகள் திறக்கப்பட்ட காடே பின்னர் இறப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இலகுவில் இரையாகின்றது.

2014 ஏப்ரல் 1 முதல் மரக்குற்றி ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 2016 இல் நாடு முழுவதும் ஓராண்டுக்கும், பெகு யோமா மலைத்தொடரில் பத்தாண்டுகளுக்கும் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சியை அடுத்து, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் மியன்மார் அரச மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. ஆயினும் மூன்றாம் நாடுகள் ஊடாக அத்தேக்கு மேற்கத்தைய சந்தைகளை அடைவது தொடர்ந்தது.

இதில் இலங்கையருக்கும் ஒரு பாடம் உண்டு. தேக்கு நமது சுதேச மரமன்று. உலர்வலயத் தேக்கந் தோட்டங்கள் பல, நாற்றுகளுக்கிடையே விவசாயிகள் பயிர்செய்யும் "தவுங்யா" என்ற பர்மிய முறையில் உருவானவையே. 1990 முதல் இங்கு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் இடைநிறுத்தப்பட்டுள்ளது. அது நன்றே. ஆனால் மரத்தின் தேவை குறையாதவிடத்து, ஒரு நாட்டின் தடை கோடரியை அயல்நாட்டுக் காட்டுக்கு அனுப்பிவிடும் என்பதையே தாய்லாந்தினதும் சீனாவினதும் அனுபவம் காட்டுகின்றது. கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் வாங்குவோர் விலையை மாத்திரமன்றி, அது எக்காட்டிலிருந்து வந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.