அரியணை இழந்தவர் தேடிய அரசு

1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார், திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தடைந்தார். சேந்தமங்கலத்தை அந்நாளில் ஆண்டுவந்தவர் இராமச்சந்திர நாயக்கர். அவருடைய தமையனார் திருமங்கல நாயக்கரோ ஆட்சியுரிமையை இழந்து சேலத்தில் வாழ்ந்துவந்தார். அடிகளாரிடம் மறையுண்மைகளைக் கேட்டறிந்த அவர், 1625இல் திருமுழுக்குப் பெற்றார். திருமுழுக்கு வாக்களித்தது சேந்தமங்கலத்து அரியணையை அன்று, இறையரசையே.

1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. அதன் ஆலயங்களையும் பள்ளிகளையும் எண்ணிப் பார்க்கையில், இதுவே இறையரசு என நாம் மயங்கிவிடக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1964இல், திருச்சபையை அவ்வரசின் வித்தாகவும் தொடக்கமாகவுமே காட்டியது. வித்து களஞ்சியத்தில் காக்கப்படுவதற்கன்று, மண்ணில் விழுவதற்கே. பங்கில் ஒரு பதவிக்காகப் பகை வளர்க்கும் நாம், அரியணை இழந்தபின் இறையரசைத் தேடிய அம்மனிதரை நினைப்போமாக.